இன்டெல், ஏஎம்டி இல்லாத சிஸ்டத்துக்கு மாறலாமா? குடியாத்தம் நண்பருக்கு ஒரு பதில்

குடியாத்தத்தில் தட்டச்சும் கணினியும் சொல்லித்தரும் நிலையம் நடத்துகிறீர்கள். கையில் 12 பழைய சிஸ்டங்கள், எல்லாம் 2012, 2013 வாக்கில் வாங்கியவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, 11 அவற்றில் முறைப்படி ஏறாது. கோடையில் அறை கொதிக்கிறது, கரண்ட் பில்லும் கட்டுப்படியாகவில்லை. ஆப்பிள் கணினிகளும் கையகல போர்டுகளும் வேறு வகைப் பிராசசரில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "நானும் மாறிவிடலாமா, இல்லை நம் சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர் வரும்வரை பொறுக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பிராசசர்களுக்கு ஒரு மேசைக் கணினியை ஓட்டும் திறன் உண்டா என்பது ஒன்று. உங்கள் நிலையத்து வேலை அதில் நடக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, உண்டு என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவதற்கான விடை பிராசசருக்குள் இல்லை. அதன் பின்பக்கத்தில் நீங்கள் செருகி வைத்திருக்கும் கேபிள்களின் மறுமுனையில் இருக்கிறது.

நான் மின்னணுவியல் படித்துவிட்டு 20 ஆண்டுகளுக்கு மேலாகக் காட்பாடியில் கணினி சர்வீஸ் செய்பவன். வேலூர் ஆடிட்டர் அலுவலகங்கள், இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவுகள், சில பள்ளிகள் என்று சுற்றுகிறேன். சிப் வடிவமைத்தவன் அல்ல. அதனால் சிப்புக்குள் நடப்பதைப் படித்ததை வைத்துச் சொல்கிறேன், மேசைமேல் நடப்பதைக் கைப்பட்டதை வைத்துச் சொல்கிறேன். இன்னொன்று: 'செயலி' என்ற சொல் இப்போது போனில் இருக்கும் ஆப்புக்கும் புழங்குவதால், குழப்பம் வராமல் பிராசசர் என்றே எழுதுகிறேன்.

கட்டமைப்பு வேறு என்றால் என்ன என்பதை உங்கள் தொழிலை வைத்தே விளக்க முடியும். யூனிகோடு பரவலாவதற்கு முன்பு பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை வானவில் எழுத்துருவில் திறந்தால் என்ன வந்தது? எழுத்தெல்லாம் தமிழ்தான், ஆனால் படிக்க முடியாத குப்பையாக வரும். 'அ' என்ற எழுத்துக்கு ஒரு எழுத்துருவில் ஒரு எண், மற்றதில் வேறு எண். பிராசசரும் இப்படித்தான். 'இந்த இரண்டு எண்களைக் கூட்டு' என்ற ஒரே வேலைக்கு இன்டெல் வழியில் ஒரு குறியீடு, போன்களிலும் புது ஆப்பிள் கணினிகளிலும் உள்ள ஆர்ம் வழியில் இன்னொன்று, சக்தி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் வழியில் மற்றொன்று. இன்டெல் வழி 1978-இல் வந்த 8086 சிப்பில் தொடங்கியது. அதன் தம்பியான 8088-ஐ ஐபிஎம் 1981-இல் தன் பிசியில் வைத்தது. அன்று முதல் இன்றுவரை எழுதப்பட்ட பிசி மென்பொருள் மலைபோல் அந்தக் குறியீட்டில்தான் குவிந்திருக்கிறது. அதைத்தான் எக்ஸ்86 என்கிறோம். ஏஎம்டி 2003-இல் அதை 64 பிட்டுக்கு நீட்டியது, பிறகு இன்டெலும் அதையே ஏற்றுக்கொண்டது.

ஆர்ம் என்றால் போனுக்கான சிப் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிறந்ததே மேசைக் கணினிக்காகத்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற கணினி நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985-இல் ஓடியது. 1987-இல் ஆர்க்கிமிடீஸ் என்ற மேசைக் கணினியில் அதன் அடுத்த பதிப்பு விற்பனைக்கும் வந்தது. பேட்டரி குறைவாகக் குடிக்கும் குணத்தால் பிற்காலத்தில் போன்களில் குடியேறியது. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 வந்தபோது அது பழைய வீட்டுக்குத் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம். அந்த சிப்பைப் பார்த்த பிறகு, ஆர்மால் மேசைக் கணினியின் வேகம் தர முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால் அது ஏன் வேகமாக இருக்கிறது என்பதில் தவறான நம்பிக்கை ஒன்று பரவியிருக்கிறது. எக்ஸ்86 கட்டளை ஒன்று 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். அடுத்த கட்டளை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே பிராசசர் உழைக்க வேண்டும். 64 பிட் ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக 4 பைட். அதனால் எம்1 ஒரே சுற்றில் 8 கட்டளைகளைப் பிரித்துப் படித்தது. அப்போதைய இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள் 4 அல்லது 5 என்ற அளவில் இருந்தன. இது உண்மையான சாதகம். ஆனால் எம்1 அன்று தைவானின் டிஎஸ்எம்சியில் 5 நானோமீட்டர் ஆலையில் தயாரானது (இந்த எண் சிறியதானால் தயாரிப்பு நுட்பம் புதிது), அதற்குள் கேஷ் என்ற வேக நினைவகத்தைத் தாராளமாக வைத்திருந்தார்கள், ராமையும் சிப்போடு ஒட்டியே வைத்தார்கள். இவையெல்லாம் கட்டளைக் குறியீட்டோடு தொடர்பில்லாதவை. 2013-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்ம், எக்ஸ்86 பிராசசர்களை அருகருகே வைத்து அளந்து, மின்சாரமும் வேகமும் வடிவமைப்பைப் பொறுத்தவை, குறியீட்டு வகையைப் பொறுத்தவை அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். 2024-இல் இன்டெல்லின் லூனார் லேக் பிராசசர் வந்ததும் எக்ஸ்86 மடிக்கணினியும் பேட்டரி நீடிப்பதில் ஆர்முக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆகவே ஆர்ம் என்று பெயர் இருந்தாலே கரண்ட் மிச்சம் என்று யாராவது விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள். எந்த ஆர்ம், எந்த எக்ஸ்86 என்று கேளுங்கள்.

வேகம் மட்டும் போதும் என்றால் இந்தச் சண்டை 1990-களிலேயே முடிந்திருக்கும். டிஜிட்டல் (டிஇசி) என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த ஆல்ஃபா பிராசசர் 64 பிட், தன் காலத்தின் மிக வேகமான சிப்களில் ஒன்று. விண்டோஸ் என்டி அதில் ஓடியது. எக்ஸ்86 மென்பொருளை மொழிமாற்றி ஓட்ட எஃப்எக்ஸ்32 என்ற கருவியும் 1996-இல் வந்தது. அப்படியிருந்தும் விலையும் மென்பொருள் பற்றாக்குறையும் சேர்ந்து அதை மேசையிலிருந்து தள்ளிவிட்டன. பிறகு 2001-இல் இன்டெல்லே எக்ஸ்86 வழியில் வராத இட்டேனியம் என்ற புதுக் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. பழைய மென்பொருள் அதில் நொண்டியது. பழையதை அப்படியே ஓட்டிய ஏஎம்டியின் 64 பிட் ஜெயித்தது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஆர்டி என்று ஆர்மில் ஒன்று விட்டது. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருந்தது, ஆனால் மக்கள் வைத்திருந்த பழைய மென்பொருள் எதுவும் அதில் ஏறவில்லை. அதுவும் போயிற்று.

ஆப்பிள் மட்டும் 1994-இல் பவர்பிசிக்கும், 2006-இல் இன்டெல்லுக்கும், 2020-இல் தன் சொந்த ஆர்முக்கும் மாறி மூன்று முறையும் தப்பித்தது. சிப், இயங்குதளம், மென்பொருளைப் பிராசசர் குறியீடாக மாற்றும் கம்பைலர், கடை எல்லாம் ஒரே வீட்டின் கையில் இருப்பதுதான் காரணம். பழையதை நிறுத்துகிறோம் என்று சொல்லும் அதிகாரமும் அந்த வீட்டுக்கு இருக்கிறது. இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26-தான் கடைசி என்று 2025-இல் அறிவித்தே விட்டார்கள். நம் பிசி உலகில் அப்படி ஒரு தலைவர் கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஒரு பக்கம், மதர்போர்டு செய்பவர் ஒரு பக்கம், பிரிண்டர் செய்பவர் ஒரு பக்கம், கணக்கு மென்பொருள் எழுதியவர் இன்னொரு பக்கம். எல்லோரும் ஒரே நாளில் மாற மாட்டார்கள்.

சரி, மொழிமாற்றி இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போல, எக்ஸ்86 நிரலை ஆர்ம் நிரலாக மாற்றும் அடுக்குகள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன. ஆப்பிளின் ரொசெட்டா 2, ஒரு மென்பொருளை முதல் முறை திறக்கும்போதே பெரும்பகுதியை மாற்றி எழுதிச் சேமித்துக்கொள்கிறது. நினைவகத்தில் எழுதும் வரிசையில் எக்ஸ்86 கறாரானது, ஆர்ம் தளர்வானது. அந்த வித்தியாசம் தடுக்கக்கூடாது என்று சிப்பிலேயே எக்ஸ்86 வரிசைக்கு ஒரு தனி வசதி வைத்தார்கள். விண்டோஸ் பக்கம் 2017-இல் 32 பிட் மென்பொருளுக்கு மட்டும் இந்த வசதி வந்தது. 64 பிட்டுக்கு 2021-இல் விண்டோஸ் 11-ஓடுதான் கிடைத்தது. 2024-இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற ஆர்ம் பிராசசர் போட்ட மடிக்கணினிகளோடு வந்த பிரிசம் என்ற மொழிமாற்றி இன்னும் வேகம். சாதாரண மென்பொருளுக்கு இது போதும்.

கன்வெர்ட்டர் தொட முடியாத ஓர் இடம் இருக்கிறது, அதுதான் ஒரு கருவியை இயங்குதளத்தோடு பேச வைக்கும் டிரைவர். பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றின் டிரைவர்களில் இயங்குதளத்தின் கருவுக்குள் உட்கார்ந்து ஓடுபவை உண்டு. அங்கே மொழிமாற்றிக்கு அனுமதி இல்லை. ஆர்ம் விண்டோஸ் என்றால் அந்த டிரைவரை ஆர்முக்கென்றே எழுதித் தர வேண்டும். எழுத வேண்டியவர் அந்தக் கருவியைச் செய்த நிறுவனம். அவர் எழுதாவிட்டால் நீங்களும் நானும் செய்ய ஒன்றுமில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சத்துவாச்சாரியில் ஓர் ஆடிட்டர் தன் மகன் வாங்கித் தந்த ஆர்ம் விண்டோஸ் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அருமையான இயந்திரம், மடியில் வைத்தால் சூடே தெரியாது. கணக்கு மென்பொருள் திறந்தது, எக்செல் பறந்தது. ஜிஎஸ்டி தாக்கல் செய்யக் கையெழுத்து டோக்கனைச் செருகினார். அதன் நிறுவல் பாதியில் நின்றது. செய்த நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினோம், ஆர்முக்கு டிரைவர் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. தாக்கலின் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய சிஸ்டத்துக்கு மாலைக்குள் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) மாற்றிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். அந்த மனிதர் முகத்தில் இருந்த பதற்றம் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து யார் புதுக் கட்டமைப்பு பற்றிக் கேட்டாலும் பிராசசர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பிரிண்டர் பெயரைத்தான் கேட்கிறேன்.

விளம்பரத்தில் வராத இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிசியை பிசியாக்குவது பிராசசர் மட்டுமல்ல, தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் அதன் அமைப்பும்தான். ஒரு சிஸ்டத்தில் நிறுவிய லினக்ஸ் டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்பெனி சிஸ்டத்தில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழுந்து நிற்கும். 'என்னிடம் இன்ன நெட்வொர்க் சிப், இன்ன சத்த சிப் இருக்கிறது' என்பது, போர்டில் பதிந்த மென்பொருளான யூஇஎஃப்ஐ, அது தரும் ஏசிபிஐ பட்டியல், சிப்கள் இணையும் பிசிஐ பாதை ஆகியவை வழியாக இயங்குதளத்துக்குத் தெரிந்துவிடும். சிறிய ஆர்ம் போர்டுகளில் பெரும்பாலானவை அப்படிச் சொல்வதில்லை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக எழுதித் தர வேண்டும். டிவைஸ் ட்ரீ என்பது அதுதான். அதனால் இந்தப் போர்டுக்கு இந்த இமேஜ் (நிறுவத் தயாரான இயங்குதளக் கோப்பு), அந்தப் போர்டுக்கு அந்த இமேஜ் என்றாகிவிடுகிறது. போர்டு விற்றவர் புது மாடலுக்குப் போய்விட்டால் பழைய இமேஜ் அனாதை. காட்பாடி பக்கத்துப் பள்ளி ஒன்றில் நன்கொடையாக வந்த 10 போர்டுகள் இப்படித்தான் அப்டேட் இல்லாமல் பீரோவுக்குள் போயின. பிராசசரில் ஒரு பழுதும் இல்லை. ராஸ்பெரி பை என்ற சிறிய ஆர்ம் போர்டு இதில் விதிவிலக்கு. செய்தவர்களே பல ஆண்டுகள் பழைய மாடலுக்கும் மென்பொருள் தந்துகொண்டிருக்கிறார்கள்.

பழுது பார்ப்பவனாக எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. இன்று ஒரு சிஸ்டத்தில் ராம் போனால் ராமை மட்டும் மாற்றுகிறேன். இங்கே கிடைக்காவிட்டால் காட்பாடியில் காலை ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவந்து மாலையில் ஓட வைத்துவிடலாம். ஆப்பிள் எம் வரிசையிலும் கையகல போர்டுகளிலும் ராம் கழற்ற முடியாதது. 4 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 4 ஜிபிதான். உங்களைப் போல ஒரு சிஸ்டத்தைப் 10, 12 ஆண்டுகள் வைத்து ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

சக்தி பற்றிக் கேட்டீர்கள். ரிஸ்க்-ஃபைவ் என்பது 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த கட்டளைக் குறியீடு. யாருக்கும் உரிமத் தொகை கட்டாமல் யார் வேண்டுமானாலும் அதற்கேற்ற சிப் வடிவமைக்கலாம். அதை வைத்து சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழு உருவாக்கியதுதான் சக்தி. 2018-இல் ஒரு சிப்பை இன்டெல்லின் ஓரிகான் ஆலையில் 22 நானோமீட்டரில் செய்தார்கள். அதே ஆண்டு இன்னொன்றைச் சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள நம் அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் செய்தார்கள். 2025-இல் இஸ்ரோவோடு சேர்ந்து ஐரிஸ் என்ற சிப் வந்தது. நம் ஊரிலிருந்து இரண்டரை மணி நேரப் பயண தூரத்தில் இது நடக்கிறது என்பதில் எனக்கு உண்மையான பெருமை. ஆனால் இவை கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் விண்கலங்களுக்கும் பாதுகாப்புத் தேவைகளுக்குமானவை. உங்கள் மாணவர் பிரவுசரில் பத்து டேப் திறந்து வைப்பதற்குச் செய்தவை அல்ல. குறியீடு இலவசம் என்பதால் சிப்பும் மலிவாகிவிடாது. வடிவமைக்கும் பொறியாளர் சம்பளம், ஆலைச் செலவு, சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

கடையில் கிடைக்கும் ரிஸ்க்-ஃபைவ் போர்டுகளின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். விஷன்ஃபைவ் 2 போர்டில் 1.5 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர்கள். கட்டளைகளை வந்த வரிசையிலேயே முடிக்கும் எளிய கோர்கள் அவை. அதனால் ராஸ்பெரி பை 5-க்கு வெகுவாகப் பின்தங்குகிறது. மென்பொருள் பக்கம் நல்ல செய்தி இருக்கிறது: 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் ரிஸ்க்-ஃபைவை அதிகாரபூர்வமாக ஏற்றது. கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு. எந்தெந்த வசதிகள் கட்டாயம் என்று வரையறுக்கும் ஆர்விஏ23 என்ற தரம் 2024 அக்டோபரில்தான் உறுதியானது. இன்னொரு லினக்ஸான உபுண்டு 25.10 அதையே நிபந்தனையாக வைத்ததால், அதற்கு முன் விற்ற போர்டுகள் அநேகமாக எல்லாம் வெளியே நின்றன. தரம் இப்போதுதான் நிலைபெறுகிறது. கற்றுக்கொள்ள ஒரு போர்டு வாங்குங்கள், தொழிலுக்கு வேண்டாம். சீனாவின் லூங்சன், ஐபிஎம் பவர்9-இல் செய்த டேலோஸ் போன்ற மேசைக் கணினிகளும் உண்மையில் இருக்கின்றன. ஆனால் வேலூரில் உட்கார்ந்து நீங்கள் யோசிக்க வேண்டியவை அல்ல.

இனி உங்கள் அறைக்கு வருவோம். உங்களுடையது போன்ற பழைய சிஸ்டங்களை பிளக் மீட்டரில் அளந்தபோது மானிட்டர் சேர்க்காமல் சிபியு பெட்டி மட்டும் சராசரியாக 60 வாட் காட்டியது. ராஸ்பெரி பை 5 முழு வேலையிலும் 10 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். பை 12 வாட் வரை தொடலாம் என்று கொண்டு சிஸ்டத்துக்கு 48 வாட் மிச்சம் என்று வைத்தால், 12 சிஸ்டம், நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள்: ஏறக்குறைய 115 யூனிட். கத்திரி வெயிலில் அறைக்குள் அந்த அளவு சூடும் குறையும், யுபிஎஸ் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் 2023-இல் வந்த இன்டெல் என்100 போட்ட கையகல மினி பிசிக்களையும் அளந்திருக்கிறேன். எழுத்து வேலை செய்யும்போது 10 முதல் 15 வாட்தான். அது எக்ஸ்86. விண்டோஸ் 11 அதில் ஓடும், உங்கள் பழைய பிரிண்டரும் பெரும்பாலும் ஓடும். ஆக நீங்கள் தேடும் குளிர்ச்சியும் சிக்கனமும் கட்டமைப்பை மாற்றாமலே கிடைக்கின்றன.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரசீது அடிக்கும், கைரேகை வைக்கும், பேஜ்மேக்கர் ஓடும் சிஸ்டங்களை என்100 போன்ற மினி பிசிக்கு மாற்றுவேன். தட்டச்சு, பிரவுசர், பைத்தான், லிப்ரே ஆபிஸ் மட்டும் பழகும் இருக்கைகளில் ஒன்றே ஒன்றை ராஸ்பெரி பை 5-க்கு மாற்றி மூன்று மாதம் பார்ப்பேன். அதில் தமிழ்99 விசைப்பலகைக்குத் தடையில்லை, லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வருகிறது. தமிழ் தட்டச்சுக்கான என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது, அது வராது. உங்கள் மாணவர்கள் எழுதும் தேர்வு எம்எஸ் ஆபிஸில் என்றால் அவர்கள் பழகும் இருக்கையும் அதில்தான் இருக்க வேண்டும், கரண்ட் மிச்சத்துக்காகப் பிள்ளைகளைத் தேர்வறையில் திணற விடக்கூடாது.

ஐந்து ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இங்கிருந்து நான் சொல்வது கணிப்பு மட்டுமே. மடிக்கணினிகளில் ஆர்ம் பங்கு கூடிக்கொண்டே போகும். நாம் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்யும் மேசைக் கணினி இன்னும் சில ஆண்டுகள் எக்ஸ்86-ஆகவே இருக்கும். எதிரிகளான இன்டெல்லும் ஏஎம்டியும் 2024 அக்டோபரில் எக்ஸ்86-ஐக் காப்பாற்ற ஒரு கூட்டு ஆலோசனைக் குழு அமைத்ததைப் பார்த்தால், அவர்களுக்கும் அழுத்தம் தெரிகிறது என்றுதான் படுகிறது. சக்தி வரும்வரை காத்திருப்பதாக இருந்தால், அதற்குள் உங்கள் 12 சிஸ்டங்களில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று யோசியுங்கள்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, டோக்கன் எல்லாவற்றின் பின்பக்கத்திலும் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதி இங்கேயே பதிலாகப் போடுங்கள். எதற்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறது, எதற்கு லினக்ஸில் ஆதரவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் எதற்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.